ஆற்றுமுகத்துக் கடற்பசுவும் என் அறிக்கையும்

ஓய்வு பெற்றவனுக்குத் தொலைபேசி வந்தால் ஒன்று சாவுச் செய்தியாக இருக்கும், இல்லையென்றால் இன்சூரன்ஸ் விற்பவனாக இருப்பான். சென்ற மாதம் வந்தது இரண்டும் இல்லை. நான் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்த மீன்பிடி அலுவலகத்தில் இப்போது இருக்கும் திவ்யா என்ற இளம் அதிகாரி அழைத்தாள். எங்கள் ஆற்றுமுகத்தைக் கடற்பசுக்களுக்கான காப்பிடமாக அறிவிக்கச் சொல்லி மேலிடத்துக்கு எழுதிக்கொண்டிருக்கிறார்களாம். மலாய்க்காரர் டுயோங் என்பார்களே, அந்தப் பிராணிதான். அங்கே அது வாழ்ந்ததற்குப் பழைய கோப்புகளில் ஒரே ஒரு பதிவுதான் இருக்கிறது. அதிலும் செத்த உடல் என்று எழுதியிருப்பதால், எங்கிருந்தோ மிதந்து வந்திருக்கும் என்று மேலிடத்தில் தள்ளிவிட்டார்கள்.

“உயிரோட இருந்துச்சுன்னு ஒரு வரி இருந்தா போதும் அங்கிள். ரிப்போர்ட்ல உங்க பேருதான் இருக்கு. உண்மையிலேயே செத்துதான் கெடச்சுச்சா?” என்று கேட்டாள்.

எனக்கு ஞாபகம் இல்லை, யோசித்துச் சொல்கிறேன் என்றேன். ஞாபகம் இல்லையாம்! நேற்று ராத்திரி சாப்பிட்ட கறி மறந்துபோகிறது, உண்மைதான். அந்த ஒரு பகல் மட்டும் மறந்து தொலையவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் மனைவி தலையை நிமிர்த்தாமலே, “பொய் சொல்றதுக்கும் ஒரு வயசு இருக்கு லா” என்றாள். அவளுக்கு எல்லாம் தெரியும். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். அலுவலகம் எந்த ஊரில் இருந்தது என்று எழுதப் போவதில்லை. தவறு என்னுடையது, கட்டடத்தினுடையது அல்ல.

நான் பாடாங் மேஹா பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டினார்கள். ஐந்தாம் படிவம் முடித்ததும் நான் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. எழுபதுகளின் தொடக்கத்தில் அரசாங்க வேலைக்கு எழுதிப் போட்டேன். மீன்பிடி அலுவலகத்தில் உதவியாளன் வேலை வந்தது. அதுவரை நான் கடலைப் பார்த்தது இரண்டே தடவை, இரண்டும் பள்ளிச் சுற்றுலா. பினாங்கில் பயிற்சி கொடுத்தார்கள். மீன் பெயர்களையும் வலை வகைகளையும் உருப்போட்டேன். படகில் ஏறினால் வாந்தி. அந்தப் பயிற்சிக் காலத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல எதுவும் இல்லை.

என்னை உருவாக்கியவர் துவான் யூசோப், என் மேலதிகாரி. துவான் என்றால் மலாயில் ஐயா. ஒல்லியான மனிதர். சட்டைப் பையில் எப்போதும் மடித்த அளவு நாடா ஒன்று இருக்கும். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. அறிக்கையில் ஏதாவது பிடிக்காவிட்டால், அந்த வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு கேள்விக்குறி போட்டுத் திருப்பி அனுப்புவார். என்ன தவறு என்று சொல்ல மாட்டார். நாமே முட்டி மோதிக் கண்டுபிடிக்க வேண்டும். அந்தக் கேள்விக்குறிக்கு நான் பயந்த அளவு என் அப்பாவின் பெல்ட்டுக்குக்கூடப் பயந்ததில்லை.

கரையில் ஓங்கில், அதாவது டால்பின், ஒதுங்கினால் எப்படி அளப்பது என்று அவர்தான் கற்றுக் கொடுத்தார். நாடாவை உடம்பின் மேல் போட்டு அளக்கக் கூடாது, வயிறு உப்பியிருந்தால் நீளம் கூடிவிடும். மூக்கு நுனிக்கு நேராக மணலில் ஒரு குச்சி, வால் பிளவுக்கு நேராக ஒரு குச்சி நட வேண்டும். பிராணியை மறந்துவிட்டு இரண்டு குச்சிக்கும் நடுவே நேராக அளக்க வேண்டும். ஒருவர் அளக்க, இன்னொருவர் எண்ணைப் படிக்க வேண்டும். பிறகு ஆளை மாற்றி இன்னொரு தடவை. படம் எடுக்கும்போது தன் பேனாவைப் பக்கத்தில் வைப்பார், பார்ப்பவருக்கு அளவு தெரிவதற்காக.

எழுபதுகளில் எங்களுக்குப் பெரிய தலைவலி இழுவைப் படகுகள். கரைக்குப் பக்கத்தில் வரக் கூடாது என்று விதி. வருவார்கள், சின்ன மீனவர்களின் வலைகளைக் கிழித்துக்கொண்டு போவார்கள். ஒருநாள் படகுத்துறை ஜெட்டியில் நின்று அப்படி ஒரு படகை என் கண்ணாலேயே பார்த்தேன். எண்ணைக் குறித்துக்கொண்டு நீட்டி முழக்கி அறிக்கை எழுதினேன். படகு முதலாளி ஒரு காகிதத்தோடு வந்தான். அன்றைக்கு அவன் படகு பினாங்கில் பழுது பார்க்கப்பட்டதாம். வழக்கு படுத்துவிட்டது. ‘என் கண்ணால் கண்டேன்’ என்று நான் எழுதிய வரிக்குப் பக்கத்தில் கேள்விக்குறி வந்தது. அந்த ஒரு தடவைதான் துவான் வாயைத் திறந்து விளக்கினார். உன் கண் சாட்சி ஆகாது, கையில் பிடித்துக் காட்டு என்றார். அவர் சொன்னதில் தவறே இல்லை. நான் அதைப் புத்தியில் வைக்காமல் வீராப்பில் வைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு கிழிந்த வலைத் துண்டு, உடைந்த துடுப்பு என்று எதைக் கண்டாலும் பத்திரப்படுத்துவேன். மீனவர்கள் எனக்குச் சட்டாம்பிள்ளை என்று பெயர் வைத்தார்கள். எனக்கு அது பெருமையாகத்தான் இருந்தது.

எண்பதுகளின் நடுவில் புதிய மீன்பிடிச் சட்டம் வந்தது. கடல்வாழ் பாலூட்டிகளைப் பிடிக்கக் கூடாது, துன்புறுத்தக் கூடாது. தவறிப்போய் வலையில் சிக்கினால், உயிரோடு இருந்தால் உடனே விட்டுவிட வேண்டும். செத்திருந்தால் எங்களிடம் தெரிவித்து, நாங்கள் சொல்கிறபடி செய்ய வேண்டும். விஷயம் இவ்வளவுதான், சின்னப் பிள்ளைக்கும் புரியும்.

ஆற்றுமுகத்தில் சின்ன வலை லைசென்ஸ் வைத்திருந்தவர்களில் நம்மவர்கள் நாலைந்து பேர். தோட்டத்தை விட்டு வந்தவர்கள். அவர்களுக்காக நானே சட்டத்தைத் தமிழில் எழுதிக் கடைச் சுவரில் ஒட்டினேன். ‘உயிரோடு இருந்தால் உடனே விட்டுவிட வேண்டும்.’ ‘உடனே’ என்பதற்கு அடியில் சிவப்பு மையில் இரண்டு கோடு போட்டேன்.

அதை நின்று முழுக்கப் படித்தவர் சவரிமுத்து அண்ணன் ஒருவர்தான். நாற்பதைத் தாண்டியவர், குட்டையான உறுதியான உடம்பு. தோட்டத்தில் பத்து வருடம் பால்மரம் வெட்டியவர். கங்காணியோடு ஏதோ தகராறில் பால் வெட்டும் கத்தியை வைத்துவிட்டு வந்து, ஒரு பழைய சம்பான் படகும் வலையுமாகப் பிழைத்தார். மனைவி அந்தோணியம்மாளும் கூடவே வலைக்குப் போவார். இனிமேல் எவனுக்கும் காலையில் பெரட்டுக்கு, அந்த ஆள் கணக்கெடுக்கும் வரிசையில், நிற்க வேண்டியதில்லை என்று அவர் சொல்லும்போது முகம் மலரும். அந்த லைசென்ஸ் காகிதத்தைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி மாதா படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார். அலுவலகத்தில் நம்ம ஆள் ஒருவர் இருக்கிறார் என்பதில் அவருக்கு என் மேல் தனிப் பாசம்.

சட்டத்தைச் சுவரில் ஒட்டி மூன்று மாதம் ஆகியிருக்கும். அன்றைக்கு ஜெட்டியில் மீன் எடை குறிக்கும் முறை என்னுடையது. காலை எட்டு மணி இருக்கும். சவரிமுத்து அண்ணன் இடுப்புவரை சேறோடு ஓடி வந்தார். வலையில் டுயோங் ஒன்று சிக்கியிருக்கிறது, ஆற்றின் வாய்ப்பக்கம், தண்ணீர் வற்றிய இடம் என்றார். அந்தோணியம்மா அதன் தலையைத் தண்ணீருக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறாராம்.

“உசிரோட இருக்கு தம்பி. வலைய அறுத்து விட்டுரட்டுமா? ஒங்களுக்கு ஒரு வார்த்த சொல்லிட்டுச் செய்வோம்னுதான் வந்தேன்” என்றார்.

நான் ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. புதுச் சட்டத்தின் கீழ் எங்கள் வட்டாரத்தில் முதல் பதிவு, அதுவும் உயிரோடு. விட்டுவிட்டு, கண்ணால் கண்டேன் என்று எழுதினால் மறுபடியும் கேள்விக்குறிதானே வரும்? என் புத்தி அங்கே போயிற்று. இருங்கள் அண்ணே, துவான் வந்து அளந்து படம் எடுத்த பிறகு விடலாம் என்றேன். சீனன் கடைத் தொலைபேசியில் அலுவலகத்தைக் கூப்பிட்டேன். துவான் அலோர் ஸ்டாரில் கூட்டத்தில் இருந்தார். ஒரு டுயோங் சிக்கியிருக்கிறது, உடனே வரச் சொல்லுங்கள் என்று மட்டும் சொல்லி வைத்தேன்.

அங்கே போய்ப் பார்த்தேன். அந்தோணியம்மா இடுப்பளவு தண்ணீரில் நின்றார். அவர் கைகளுக்கு நடுவே பழுப்புச் சாம்பல் நிறத்தில் ஒரு பெரிய முகம், மொத்த மூஞ்சியிலும் கோரைமுடி. மூக்குத் துவாரங்கள் மேலே இருந்தன. திறந்து, புஸ்ஸென்று மூச்சு விட்டு, கதவு சாத்துவதுபோல் மூடிக்கொள்ளும். வாயோரத்தில் கடற்புல் ஒட்டியிருந்தது. கன்று ஈன்ற பெட்டை என்று அந்தோணியம்மா சொன்னார். துடுப்புக்கு அடியில் மடி இருந்தது, நம் பெண்களுக்குப் போல. நான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன்.

வலையை அறுத்தார்கள். ஓடிவிடாமல் இருக்க வாலில் கயிறு போட்டு, சேற்றில் ஊன்றியிருந்த வலைக் கம்பில் கட்டச் சொன்னேன். நான்தான் சொன்னேன். நீளமாக விடட்டுமா என்று அண்ணன் கேட்டதற்கு, வேண்டாம், ஒரு முழம் போதும் என்றதும் நான்தான். அது தானாக மேலே வந்து மூச்சு விடுவதைப் பார்த்த பிறகுதான் அந்தோணியம்மா கரை ஏறினார்.

பத்து மணிக்கெல்லாம் கரையில் கூட்டம். டுயோங்கின் கண்ணீரைத் தடவினால் பிடித்த பெண் மயங்கி வருவாள் என்று ஒரு நம்பிக்கை உண்டு. ஒருவன் காலி மருந்துப் போத்தலோடு வந்து, ரெண்டு சொட்டு எடுத்துக்கொள்கிறேன் என்று கெஞ்சினான். சட்டப்படி அதைத் தொடக்கூடாது, தொட்டால் உள்ளே வைப்பேன் என்று அவனை விரட்டினேன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கரையில் நடந்தேன். வேலியே பயிரை மேய்கிறது என்று யாராவது அப்போது என் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கக் கூடாதா?

தண்ணீர் ஏறத் தொடங்கியது. பால்மரக் காட்டில் பிறந்தவனுக்கு ஏற்றமும் வற்றமும் ஏட்டில்தான் தெரியும். சவரிமுத்து அண்ணனுக்கு உடம்பில் தெரியும். அவர் இரண்டு தடவை என்னிடம் வந்து, தண்ணீர் ஏறுகிறது தம்பி, கயிற்றை விட்டுக் கொடுக்கலாம் என்றார். துவான் வந்துகொண்டே இருக்கிறார், இன்னும் கொஞ்ச நேரம் என்றேன். மூன்றாவது தடவை அவர் வரவில்லை, அந்தோணியம்மா வந்தார். அவர் என்னிடம் கேட்கவில்லை. என்னைத் தாண்டிப்போய்த் தண்ணீரில் இறங்கினார். அதற்குள் கயிற்றுக் கட்டு கம்பு வழியாக வழுக்கி அடிச்சேற்றுக்குப் போயிருந்தது. மேலே தண்ணீர் மட்டும்தான் தெரிந்தது. அண்ணன் கத்தியோடு முங்கினார். ஒரு தடவை, இரண்டு தடவை, சேற்றுத் தண்ணீரில் ஒன்றும் தெரியாமல் மேலே வந்து மறுபடியும் முங்கினார். அறுத்து விட்டதும் அது மேலே வந்தது, ஆனால் பக்கவாட்டில் வந்தது. மூக்குத் துவாரம் திறக்கவில்லை.

மீன் இல்லை அது, நம்மைப்போல் மூச்சு விடுகிற ஜீவன். அதைத்தான் மூன்று மாதமாகக் கடை கடையாக ஏறி எல்லாருக்கும் விளக்கிக்கொண்டிருந்தேன். வெயிலில் பொறுக்க முடியாமல் கூட்டம் முன்பே கலைந்துவிட்டது. அது செத்ததைப் பார்த்தவர்கள் நாங்கள் மூன்று பேர்தான்; வேடிக்கை பார்க்க வந்தவர்களை யாரும் தேடிப் போய் விசாரிக்கப் போவதில்லை.

துவான் யூசோப் இரண்டு மணிக்கு வந்தார். இரண்டு குச்சிகள் நட்டு அளந்தார். நான் எண்ணைப் படித்தேன். ஆள் மாற்றி மறுபடியும் அளந்தோம். பேனாவை வைத்துப் படம் எடுத்தார். பிறகு வாலருகே குந்தி உட்கார்ந்து, கயிறு இறுகியிருந்த இடத்தை விரலால் தடவினார். தோலுக்கு அடியில் ரத்தம் கட்டியிருந்தது. வலையில் பார்த்தபோது உயிரோடா, செத்தா என்று என்னைக் கேட்டார். செத்துத்தான் இருந்தது துவான் என்றேன். அந்தோணியம்மா ஈரச் சேலையோடு பத்தடி தள்ளி நின்றார்.

அடுத்து துவான் சவரிமுத்து அண்ணனைப் பார்த்து, யார் கட்டியது என்று மலாயில் கேட்டார். அண்ணன் என் பக்கம் திரும்பினார். கோபம் எதுவும் இல்லை முகத்தில்.

“தம்பி, நீங்களே சொல்லிருங்க” என்றார்.

அவன் என்ன சொல்கிறான் என்று துவான் கேட்டார். நான் வாயைத் திறந்தேன். தான்தான் கட்டியதாகச் சொல்கிறார் துவான் என்றேன். நாக்கு கூசாமல் சொன்னேன். அண்ணனுக்கு மலாய் சரியாகப் புரியாது என்று நான் நினைத்தேனா? மலாய் மீனவர்களோடு ஒரே கரையில் வாழ்ந்தவர் அவர், என்னைவிட நல்ல மலாய் பேசுவார். அது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன். அண்ணன் துவானிடம் திரும்பி, தெளிவான மலாயில், “பெத்துல் துவான், சாயா யாங் ஈக்காட்” என்றார். ஆமாம் துவான், கட்டியது நான்தான் என்று அர்த்தம்.

மறுநாள் அறிக்கையைத் தட்டச்சு செய்தேன். வலையில் ஏற்கெனவே இறந்த நிலையில் கிடைத்தது, மீனவர் உடனே தெரிவிக்காமல் வாலில் கயிறு கட்டி வைத்திருந்தார் என்று எழுதினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள், நான் ஒரு கடற்பசுவையே மறைத்தேன். மாலையில் அறிக்கை திரும்பி வந்தது. ‘இறந்த’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் கேள்விக்குறி. அவருக்கு விளங்கிவிட்டது. செத்த உடம்பில் ரத்தம் கட்டாது. நானே சொல்லட்டும் என்று ஒரு வாய்ப்புக் கொடுத்தார். நான் அழிப்பானை எடுத்துக் கேள்விக்குறியை அழித்துவிட்டு, ஓர் எழுத்தும் மாற்றாமல் திருப்பி வைத்தேன். அவர் என்னைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். அதற்குப் பிறகு அவர் மாற்றலாகிப் போகும்வரை என் கோப்புகளில் ஒரு கேள்விக்குறிகூடப் போடவில்லை. நான் என்ன குப்பை எழுதினாலும் கையெழுத்துப் போட்டு அனுப்பினார்.

சவரிமுத்து அண்ணனின் லைசென்ஸ் அடுத்த தடவை புதுப்பிக்கப்படவில்லை. காரணம் என் அறிக்கையின் அந்த வரிதான். கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையும் எனக்கே வந்தது. அந்தோணியம்மா வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினார். சம்பானை விற்றுவிட்டு அவர்கள் சிடாம் கிரிப் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். அண்ணன் அங்கே செம்பனை மரங்களுக்கு மருந்து அடிக்கப் போனாராம். மறுபடியும் விடிகாலையில் பெரட்டு. எனக்கோ, புதுச் சட்டத்தின் கீழ் முதல் அறிக்கை எழுதியவன் என்று பாராட்டுக் கடிதம் வந்தது. மானங்கெட்டவன், அதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினேன். இரண்டு வருடம் அது தொங்கியது. என் மனைவிதான் ஒருநாள் கழற்றி அலமாரிக்கு அடியில் வைத்தாள்.

எண்பதுகள் முடிகிற சமயம், லூனாசில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். சாப்பாட்டுப் பந்தியில் எனக்கு எதிர் வரிசையில் சவரிமுத்து அண்ணன் உட்கார்ந்திருந்தார். இளைத்துப்போய், விரல் நகங்கள் மருந்தில் கறுத்து இருந்தார். பக்கத்தில் இருந்த அந்தோணியம்மா என்னைக் கண்டதும் பாதிச் சோற்றில் இலையை மடித்துவிட்டு எழுந்து போனார். கை கழுவும் இடத்தில் அண்ணனைப் பிடித்தேன். லைசென்சுக்கு மறுபடியும் மனுப் போடுங்கள் அண்ணே, என்னால் ஆனதைச் செய்கிறேன் என்று உளறினேன். உன்னைப் போய்க் காப்பாற்றினேனே என்று அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன்.

அவர் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டார்.

“அத விடுங்க தம்பி. நம்மாளு ஒருத்தன் ஆபீசுல இருக்கட்டுமேன்னு அன்னிக்கு நான்தான் ஒத்துக்கிட்டேன். என்னயப் பத்தி எப்படி வேணா எழுதியிருங்க. ஆனா அது மூச்சு விட்டுச்சுல்ல? எம் பொஞ்சாதி ரெண்டு மணி நேரம் அது தலையத் தூக்கிப் புடிச்சுக்கிட்டு நின்னாள்ல? அது உசிரோட இருந்துச்சுன்னாவது எழுதியிருக்கலாமே.”

எழுதலாம்தான். அன்றைக்கும் நான் பணியில் இருந்தேன். திங்கட்கிழமை அலுவலகத்துக்குப் போய் அந்தக் கோப்பை எடுத்து, ஒரே ஒரு திருத்தக் கடிதம் சேர்த்தால் முடிந்தது. திங்கட்கிழமை போனேன். கோப்பை எடுத்தேன். பென்ஷனை நினைத்துக்கொண்டு திருப்பி வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு அந்த ஆற்றுமுகத்தில் மணல் தோண்டினார்கள், கடற்புல் போயிற்று. இங்கே உயிரோடு எதுவும் இருந்ததில்லை என்பதற்கு என் அறிக்கையே போதுமானதாக இருந்தது. சவரிமுத்து அண்ணன் இறந்து பல வருடம் ஆகிறது. அந்தோணியம்மா மகளோடு இருக்கிறார். போய்ப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

திவ்யா, இதைக் கோப்பில் சேர்த்துக்கொள். அது உயிரோடுதான் கிடைத்தது. கன்று ஈன்ற பெட்டை, வாயில் நம் ஆற்றுமுகத்துக் கடற்புல் இருந்தது. மீனவர் உடனே வந்து தெரிவித்தார், விட்டுவிட அனுமதி கேட்டார். கட்டச் சொன்னவன் நான். சாட்சிக்கு ஆள் வேண்டுமென்றால் அந்தோணியம்மாளிடம் கேள். என்னைக் கேட்டால் நீ நம்பத் தேவையில்லை.